டியூமர் மார்க்கர் பரிசோதனை: புரதத்தை அளந்து புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்டர் ஹெல்த் செக்கப் தொகுப்புகளில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு ஆகியவற்றோடு இப்போது சி.இ.ஏ. (பெருங்குடல்), சி.ஏ.-125 (சினைப்பை), பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்), ஏ.எஃப்.பி. (கல்லீரல்) என்ற புற்றுநோய்ப் பரிசோதனைகளின் பெயர்களும் சேர்ந்துகொண்டன. அறிக்கை கைப்பேசிக்கு வந்ததும், ஏதாவது ஓர் எண் தடித்த எழுத்தில் இருந்தால் அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வருவதில்லை. எல்லா எண்களும் வரம்புக்குள் இருந்தால், ‘நமக்குப் புற்றுநோய் இல்லை’ என்ற நிம்மதி வந்துவிடுகிறது. பெரும்பாலான சமயங்களில் அந்தப் பயத்துக்கும் ஆதாரம் இல்லை, நிம்மதிக்கும் ஆதாரம் இல்லை. இந்தப் பரிசோதனைகளில் எது, யாருக்கு, எப்போது உதவும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

டியூமர் மார்க்கர் என்றால் என்ன?

புற்றுநோய்ச் செல்கள் சுரக்கும் புரதம், அல்லது புற்றுநோய் இருப்பதால் உடலின் மற்ற செல்கள் கூடுதலாகச் சுரக்கும் புரதம். இது புதிய யோசனை அல்ல. 1840-களில் லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ், எலும்பு நோயால் அவதிப்பட்ட ஒருவரின் சிறுநீரில் விசித்திரமான ஒரு புரதத்தைக் கண்டார். சூடாக்கினால் திரிந்து, கொதிக்கவைத்தால் கரைந்து, ஆறினால் மறுபடி திரிந்தது. மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயின் அடையாளம் அது. மைலோமா நோயாளிகளுக்கு இன்று செய்யும் ‘ஃப்ரீ லைட் செயின்’ பரிசோதனை அளப்பதும் அதே புரதத்தைத்தான். 1963-இல் சோவியத் விஞ்ஞானி கேரி அபெலெவ், கல்லீரல் புற்றுநோய் வந்த எலிகளில் ஏ.எஃப்.பி.யைக் கண்டார். 1965-இல் கனடாவின் மான்ட்ரியலில் கோல்டும் ஃப்ரீட்மனும் சி.இ.ஏ.வைக் கண்டுபிடித்தார்கள். 1981-இல் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் உருவாக்கிய ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருள்), சி.ஏ.-125 பரிசோதனைக்கு வழி திறந்தது.

ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும். இந்தப் புரதங்களில் எதுவும் புற்றுநோய்க்கு மட்டும் சொந்தமானதல்ல. பி.எஸ்.ஏ. என்பது விந்தை நீர்க்கச் செய்வதற்காக ஆரோக்கியமான புராஸ்டேட் சுரப்பி தயாரிக்கும் நொதி. ஏ.எஃப்.பி. கருவிலிருக்கும் குழந்தையின் கல்லீரல் சுரப்பது. சி.ஏ.-125 வயிற்றறையின் உட்சவ்விலும் நுரையீரல் உறையிலும் கருப்பையின் உள்வரியிலும் இயல்பாகவே உண்டு. ஆகவே ‘இருக்கிறதா, இல்லையா’ என்று இந்தப் பரிசோதனையிடம் கேட்க முடியாது. ‘எவ்வளவு இருக்கிறது, முன்பு எவ்வளவு இருந்தது’ என்றுதான் கேட்க முடியும்.

கட்டி கடுகளவு இருக்கும்போதே ரத்தத்தில் தெரிந்துவிடாதா?

தெரிந்தால் நன்றாக இருக்கும். தடையாக நிற்பது அளவு. ஒரு மில்லி லிட்டர் ரத்தத் திரவத்தில் அல்புமின் மட்டும் ஏறக்குறைய 40 மில்லிகிராம் இருக்கிறது. பி.எஸ்.ஏ.வுக்கு நெடுங்காலமாக எல்லையாக வைத்திருக்கும் அளவு 4 நானோகிராம். அல்புமினோடு ஒப்பிட்டால் ஒரு கோடியில் ஒரு பங்கு. சிறிய கட்டி ஒன்று கசியவிடும் புரதம் ஐந்து லிட்டர் ரத்தத்தில் கலந்து நீர்த்துப்போகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதை ஓயாமல் அகற்றிக்கொண்டே இருக்கின்றன.

2011-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணித மாதிரியாகப் போட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கிருந்த ரத்தப் பரிசோதனைகளின் கண்ணில் படாமல் ஒரு கட்டி பத்து ஆண்டுகள் வளர்ந்து, 25 மில்லிமீட்டர் குறுக்களவை எட்டிவிடலாம் என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை. கருவிகள் அதன்பின் வெகுவாக முன்னேறிவிட்டன. ஆனால் கருவி எவ்வளவு நுட்பமானாலும் ஒரு சிக்கல் தீருவதில்லை: அதே புரதத்தை ஆரோக்கியமான செல்களும் சுரக்கின்றன. சந்தை இரைச்சலுக்கு நடுவில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்பது போன்ற வேலை இது. காது கூர்மையானால் இரைச்சலும் சேர்ந்துதான் கேட்கும்.

‘98 சதவீதம் துல்லியம்’ என்கிறார்களே, அது போதாதா?

போதாது. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

மாதவிடாய் நின்ற, எந்த அறிகுறியும் இல்லாத 1,00,000 பெண்களை எடுத்துக்கொள்வோம். மேலை நாடுகளின் கணக்குப்படி ஓராண்டில் இவர்களில் ஏறக்குறைய 40 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோய் வரும். நம்மிடம் உள்ள பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 80 சதவீதம் பேரைப் பிடிக்கும் என்றும், நோய் இல்லாதவர்களில் 98 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும் என்றும் வைத்துக்கொள்வோம்.

40 பேரில் 32 பேர் பிடிபடுவார்கள், 8 பேர் தப்பிவிடுவார்கள். மீதமுள்ள 99,960 பேரில் 2 சதவீதம், அதாவது 1,999 பேருக்கு நோயே இல்லாமல் ‘பாசிட்டிவ்’ வரும். மொத்தம் 2,031 பாசிட்டிவ். அதில் உண்மையானது 32. நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

சினைப்பையைப் பொறுத்தவரை சந்தேகத்தைத் தீர்க்கப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே செய்ய வேண்டியிருக்கிறது. ஊசி போட்டு எடுத்தால் கட்டி உடைந்து செல்கள் வயிற்றறைக்குள் சிந்தும் ஆபத்து உண்டு. அதனால்தான் ஒரு புற்றுநோயைக் கண்டுபிடிக்கப் பத்து அறுவைக்கு மேல் ஆகக்கூடாது என்று ஆய்வாளர்கள் வரம்பு வகுத்தார்கள். அந்த வரம்பைத் தொடுவதற்கே, நோயில்லாதவர்களில் 99.6 சதவீதம் பேரைச் சரியாக விடும் பரிசோதனை தேவை.

இப்போது அதே பரிசோதனையை வேறொரு கூட்டத்தில் வையுங்கள். ஸ்கேனில் சினைப்பைக் கட்டி தெரிந்து மருத்துவமனைக்கு வந்த 1,000 பேர், அவர்களில் 200 பேருக்குப் புற்றுநோய் என்று கொள்வோம். அதே 80-ம் 98-மாகக் கணக்கிட்டால் 160 பேர் சரியாகவும் 16 பேர் தவறாகவும் பிடிபடுவார்கள். பாசிட்டிவ் வந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நோய் உண்மையாகவே இருக்கிறது. பரிசோதனை மாறவில்லை, யாரிடம் செய்தோம் என்பதுதான் மாறியது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்றே சொல்வோம்.

சி.ஏ.-125 பரிசோதனையை ஆண்டுதோறும் செய்தால் சினைப்பைப் புற்றுநோயிலிருந்து தப்பிக்கலாமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பிரிட்டனில் மிகப் பெரிய ஆய்வு நடந்தது. 2001 முதல் 2005 வரை, 50 முதல் 74 வயதுள்ள 2,02,638 பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சி.ஏ.-125. ஒரே எல்லைக்கோட்டை எல்லோருக்கும் வைக்காமல், ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருடைய பழைய அளவிலிருந்து எப்படி ஏறுகிறது என்று பார்த்தார்கள். இரண்டாம் பிரிவினருக்கு ஆண்டுதோறும் ஸ்கேன். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை.

பதினாறு ஆண்டுகளுக்கும் மேலான கண்காணிப்பின் முடிவு 2021-இல் வெளியானது. ரத்தப் பரிசோதனைப் பிரிவில் முற்றிய நிலையில் கண்டறியப்பட்ட நோய் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் இறப்பு குறையவில்லை. மூன்று பிரிவுகளிலும் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள் 0.6 சதவீதம்தான்.

முன்கூட்டியே கண்டுபிடித்தும் ஏன் காப்பாற்ற முடியவில்லை? சினைப்பைப் புற்றுநோயில் உயிரை அதிகம் பறிக்கும் வகை பெரும்பாலும் கருக்குழாயின் விளிம்பில் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும்போதே வயிற்றறைக்குள் உதிர்ந்துவிடுகிறது. ரத்தத்தில் புரதம் ஏறும் நேரத்தில் விதை விழுந்துவிட்டது. மெதுவாக வளரும் நோயைத்தான் ஆண்டுக்கொரு பரிசோதனை எளிதில் பிடிக்கும். வேகமாக ஓடும் நோய் இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் நழுவிவிடும்.

அமெரிக்காவில் 78,216 பெண்களிடம் நடந்த ஆய்விலும் இறப்பு குறையவில்லை. மாறாக, நோயில்லாமலே பாசிட்டிவ் வந்த 3,285 பேரில் 1,080 பேர் அறுவை சிகிச்சைக்கு உள்ளானார்கள். அவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குக் கடுமையான பின்விளைவு ஏற்பட்டது. தேவையே இல்லாத அறுவையால் ஒரு பெண் படும் பாடு சிறியதல்ல. அறிகுறி இல்லாதவர்களுக்கான தொகுப்பில் சி.ஏ.-125 இருக்கவே கூடாது என்று நாங்கள் உறுதியாகச் சொல்வது அதனால்தான்.

அறிகுறி உள்ளவர்களின் கதை வேறு. வயிறு தொடர்ந்து உப்பியிருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிப்பது ஆகியவற்றில் ஏதேனும் மாதத்தில் 12 முறைக்கு மேல் வருகிறது, வயதும் 50-ஐத் தாண்டிவிட்டது என்றால் சி.ஏ.-125 பார்க்க வேண்டும். 35 யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால் அடுத்தது ஸ்கேன். பிரிட்டனின் வழிகாட்டுதல் இது. ‘வாயுத் தொல்லை’ என்று மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கோ அத்தைக்கோ இதை எடுத்துச் சொல்லுங்கள்.

சி.ஏ.-125 அளவு 62 என்று வந்திருக்கிறது. புற்றுநோயா?

வயதைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. மாதவிடாய் வரும் வயதில் இருப்பவருக்கு மாதவிலக்கு நாட்களே போதும் இந்த எண்ணை ஏற்ற. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்வரி போன்ற திசு வெளியே வளர்வது), கருப்பை நார்க்கட்டி, கர்ப்பம், இடுப்புக்குழித் தொற்று, கல்லீரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு எல்லாம் ஏற்றும். வயிற்றில் எந்தக் காரணத்தால் நீர் கோத்தாலும் ஏறும், ஏனென்றால் நீட்டப்பட்ட உட்சவ்வே இந்தப் புரதத்தைச் சுரக்கிறது.

நம் நாட்டில் தனியாகச் சொல்ல வேண்டியது வயிற்றுக் காசநோய். இளம்பெண், வயிற்றில் நீர், எடைக் குறைவு, சி.ஏ.-125 பல நூறு. ஸ்கேன் அறிக்கையைப் படித்தால் முற்றிய சினைப்பைப் புற்றுநோய் மாதிரியே இருக்கும். ஆனால் ஆறு மாத டி.பி. மருந்தில் முழுதாகக் குணமாகக்கூடிய நோய் அது. வயிற்று நீரை எடுத்து அதில் ஏ.டி.ஏ. (காசநோயில் கூடும் நொதி) அளவும் செல் பரிசோதனையும் பார்க்காமல், தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப் வழியே திசு எடுக்காமல், பெரிய அறுவைக்குச் சம்மதிக்க வேண்டாம்.

அறிகுறி இல்லாமல் 62 என்று வந்தால்: மாதவிலக்கு இல்லாத நாளில், நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து, அதே ஆய்வகத்தில் மறுபடி பாருங்கள். இடையில் பிறப்புறுப்பு வழி ஸ்கேன் ஒன்று. எண் இறங்கி, ஸ்கேனும் சுத்தமாக இருந்தால் அத்தோடு விடலாம். 62 என்பது 110, 240 என்று ஏறிக்கொண்டே போனால் மகளிர் புற்றுநோய் அறுவை மருத்துவரிடம் போக வேண்டும்.

அம்மாவுக்கும் சித்திக்கும் சினைப்பைப் புற்றுநோய். நான் என்ன செய்ய?

சி.ஏ.-125 அல்ல, முதலில் மரபணுப் பரிசோதனை. நோய் வந்தவர் உயிரோடு இருந்தால் அவரிடமிருந்து தொடங்குவது சிறந்தது. பி.ஆர்.சி.ஏ.-1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்கள், பிள்ளைப்பேறு முடிந்தபின் 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. பி.ஆர்.சி.ஏ.-2 என்றால் 40 முதல் 45 வரை தள்ளலாம். உயிரைக் காப்பது இது.

பி.எஸ்.ஏ. யார் பார்க்க வேண்டும்? எப்படித் தயாராவது?

55 முதல் 69 வயதுள்ள ஆண்கள் நன்மை தீமைகளை மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவெடுக்கலாம், 70-க்கு மேல் அறிகுறி இல்லாமல் பார்க்க வேண்டாம் என்பது அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2018-இல் சொன்னது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால் இன்னும் முன்பே பேச்சைத் தொடங்கலாம்.

பலன் எவ்வளவு? ஐரோப்பிய நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் 23 ஆண்டு முடிவுகள் 2025-இல் வந்தன. புராஸ்டேட் புற்றுநோய் இறப்பு 13 சதவீதம் குறைந்தது. 456 பேரைப் பரிசோதனைக்கு அழைத்தால் ஒருவரின் இறப்பு தவிர்க்கப்படுகிறது. அந்த ஒருவருக்காகக் கூடுதலாக 12 பேருக்கு ‘உங்களுக்குப் புற்றுநோய்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பலன் உண்மையானது, விலையும் உண்மையானது.

ரத்தம் கொடுப்பதற்கு முன்: இரண்டு நாட்களுக்கு விந்து வெளியேற்றம் வேண்டாம், நெடுந்தூர சைக்கிளும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருந்தாலோ, புராஸ்டேட்டில் ஊசி போட்டுத் திசு எடுத்திருந்தாலோ ஆறு வாரம் பொறுங்கள். சிறுநீர் அடைப்புக்குக் குழாய் போட்டிருக்கும் சமயத்தில் பார்த்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. வெறும் வயிறு தேவையில்லை. புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு அல்லது டூட்டாஸ்டரைடு மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவருக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கும். அவருக்கு 3 என்று வந்தால் அதை 6 என்று படிக்க வேண்டும். முடி கொட்டாமலிருக்க ஒரு மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு சாப்பிடுபவருக்கும் இது பொருந்தும். மருத்துவரிடம் சொல்ல மறப்பது இந்த மாத்திரையைத்தான்.

4 என்பது மந்திரக் கோடு அல்ல. அமெரிக்காவில் ஒரு தடுப்பு மருந்து ஆய்வின் முடிவில், பி.எஸ்.ஏ. 4-ஐத் தாண்டாத ஆண்களுக்கும் பயாப்சி (திசு எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். அவர்களில் 15 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது. பெரும்பாலானவை தீவிரம் குறைந்த வகை. 4-க்கும் 10-க்கும் நடுவே இருப்பவர்களுக்கு, வேறு புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் தனியாக இருக்கும் ‘ஃப்ரீ பி.எஸ்.ஏ.’ உதவும். மொத்தத்தில் அது 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 8 சதவீதம், 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 56 சதவீதம். ஃப்ரீ பி.எஸ்.ஏ. சீக்கிரம் சிதையும் புரதம். ரத்தம் எடுத்துச் சில மணி நேரத்துக்குள் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் திரவத்தை) பிரித்துக் குளிரில் வைக்காவிட்டால் எண் பொய்யாகக் குறையும். வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு மதியம்வரை பையிலேயே வைத்திருக்கும் மாதிரிக்கு இந்தப் பரிசோதனை ஏற்றதல்ல.

எண் கூடியிருந்தால் நேரே பயாப்சிக்குப் போகாதீர்கள். சில வாரம் கழித்து மறுபடி ரத்தம், பிறகு எம்.ஆர்.ஐ., அதில் சந்தேகம் இருந்தால் பயாப்சி. தீவிரம் குறைந்த வகை என்று வந்தால் உடனே அறுவை என்ற அவசரமும் வேண்டாம். பிரிட்டனில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்து 15 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மொத்தத்தில் 2.7 சதவீதம். மூன்று பிரிவுகளுக்கும் இடையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

ஏ.எஃப்.பி. யாருக்குப் பயன்படும்?

ஹெபடைடிஸ் பி கிருமி நாள்பட்டு உடலில் இருப்பவர்களுக்கும், எந்தக் காரணத்தாலாவது கல்லீரல் சுருக்கம் வந்தவர்களுக்கும். இவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் மேலே போட்ட கணக்கு இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், கூடவே ஏ.எஃப்.பி. சீனாவின் ஷாங்காயில் 18,816 பேரிடம் நடந்த ஆய்வில், இந்த இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்த பிரிவில் கல்லீரல் புற்றுநோய் இறப்பு 37 சதவீதம் குறைந்தது.

20 நானோகிராமுக்கு மேல் போனாலோ, அதற்குக் கீழேயே ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டு வந்தாலோ, அல்ட்ராசவுண்ட் சுத்தமாக இருந்தாலும் சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவை. கல்லீரல் அழற்சி திடீரெனக் கூடும்போதும் ஏ.எஃப்.பி. ஏறும், ஆகவே கல்லீரல் அழற்சியைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. எண்ணையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். சிறிய கட்டிகளில் கணிசமானவை ஏ.எஃப்.பி.யை உயர்த்துவதே இல்லை என்பதால் ஸ்கேனை விட்டுவிட்டு ரத்தம் மட்டும் பார்ப்பது ஆபத்து. சில ஆய்வகங்களில் ‘பிவ்கா-2’ என்ற இன்னொரு புரதத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அது பொய்யாக ஏறும்.

சி.இ.ஏ., சி.ஏ. 19-9 இரண்டும் தொகுப்பில் இருக்கின்றனவே?

அறிகுறி இல்லாதவர்களுக்கு வேண்டாம். புகைபிடிப்பதே சி.இ.ஏ.வை ஏற்றும். பித்தக்குழாயில் கல் அடைத்தால், கணையப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சி.ஏ. 19-9 பல நூறுக்குப் போய், கல்லை எடுத்ததும் இறங்கும். சி.ஏ. 19-9 உண்மையில் ஒரு சர்க்கரைச் சங்கிலி. மக்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு அதைத் தயாரிக்கும் நொதியே கிடையாது, கணையப் புற்றுநோய் முற்றினாலும் அவர்களுக்கு எண் ஏறாது.

ஒரே வாரத்தில் இரண்டு ஆய்வகம், இரண்டு எண். யாரை நம்புவது?

இருவருமே சரியாகச் செய்திருக்கலாம். ஒவ்வொரு நிறுவனத்தின் கிட்டும் புரதத்தின் வெவ்வேறு பகுதியைப் பற்றும் ஆன்டிபாடியைப் பயன்படுத்துகிறது. சி.ஏ. 19-9-இல் இந்த வேறுபாடு மிகவும் அதிகம். தொடர்ந்து பார்க்க வேண்டிய எண்ணை எப்போதும் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் பாருங்கள்.

பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிய, பரிசோதனை நடக்கும் விதம் கொஞ்சம் தெரிய வேண்டும். ஓர் ஆன்டிபாடி புரதத்தை ஒரு பக்கம் பிடிக்கும். ஒளிரும் வேதிப்பொருள் கட்டிய இன்னோர் ஆன்டிபாடி மறுபக்கம் பிடிக்கும். இரண்டு கைக்கும் நடுவே புரதம் இருந்தால்தான் ஒளி வரும், ஒளியை அளந்தால் எண்.

முதல் பிழை பயோட்டின் என்ற வைட்டமின். பல கிட்டுகளில் பிடிக்கும் கையைக் கிண்ணத்தோடு ஒட்டவைக்கும் பசையே பயோட்டின்தான். உடலுக்கு நாளொன்றுக்குத் தேவை 30 மைக்ரோகிராம். முடி, நகத்துக்கென்று விற்கும் மாத்திரையில் 10 மில்லிகிராம், முந்நூறு மடங்குக்கு மேல். ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் பசை இடத்தைப் பிடித்துக்கொள்ள, பி.எஸ்.ஏ. போன்றவை பொய்யாகக் குறைந்து காட்டும். இரண்டு நாள் முன்பே மாத்திரையை நிறுத்துங்கள்.

இரண்டாவது ‘ஹூக்’ விளைவு. புரதம் அளவுக்கு மீறி இருந்தால் ஒவ்வொரு கையும் தனித்தனிப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், இரண்டு கை ஒன்றைப் பிடிக்காது, ஒளி குறையும். லட்சக்கணக்கில் இருக்க வேண்டிய எண் சில நூறு என்று வரும். பெரிய கட்டி தெரிந்தும் எண் சிறியதாக இருந்தால், மாதிரியைப் பத்து மடங்கும் நூறு மடங்கும் நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, சிலருடைய ரத்தத்திலேயே இருக்கும் எதிர்ப்பொருள், புரதம் இல்லாமலே இரண்டு கைகளையும் கோத்துவிடும். எச்.சி.ஜி. (கர்ப்பத்திலும் சில புற்றுநோய்களிலும் கூடும் ஹார்மோன்) பரிசோதனையில் இப்படிப் பொய்யாக வந்த எண்ணை நம்பி, இல்லாத புற்றுநோய்க்குக் கீமோ கொடுத்து, கருப்பையையும் எடுத்த நிகழ்வுகள் 2000-ஆம் ஆண்டு மருத்துவ இதழில் பதிவாகியுள்ளன. அந்த எதிர்ப்பொருள் சிறுநீருக்குள் போகாது. ரத்தத்தில் எச்.சி.ஜி. பாசிட்டிவ், சிறுநீரில் நெகட்டிவ் என்றால் ரத்த எண்ணைச் சந்தேகிக்க வேண்டும்.

எடுக்கும் கையாலும் பிழை வரும். ரத்த அணுக்கள் உடைந்தால் என்.எஸ்.இ. என்ற மார்க்கர் ஏறிவிடும். தோலும் எச்சிலும் பட்டால் எஸ்.சி.சி. ஆன்டிஜென் என்ற இன்னொரு மார்க்கர் ஏறும்.

மலத்தில் பார்க்கும் ‘ஃபிட்’ பரிசோதனையும் புரதப் பரிசோதனைதானா?

ஆம். இந்த வரிசையிலேயே ஆரோக்கியமானவர்களிடம் நன்றாக வேலை செய்வது இதுதான் என்பது எங்கள் கருத்து. இதைப் பற்றி நம்மிடையே பேசுவோர் மிகக் குறைவு. பெருங்குடல் புற்றுநோயும் அதற்கு முந்திய பாலிப்பும் (குடலின் உட்சுவரில் வளரும் சதைத் திரட்சி) கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியும். அந்த ரத்தத்தின் ஹீமோகுளோபின் புரதத்தை ஃபிட் அளக்கிறது. மனித ஹீமோகுளோபினை மட்டுமே பற்றும் என்பதால் முன்பிருந்த பரிசோதனைபோல் கறியை நிறுத்த வேண்டியதில்லை. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ 10,000 பேரில் ஒரே ஒருமுறை செய்த ஃபிட், புற்றுநோய்களில் 74 சதவீதத்தைப் பிடித்தது. ஆண்டுதோறும் செய்தால் தவறியதை அடுத்த முறை பிடிக்க வாய்ப்பு உண்டு. பாலிப் நிலையிலேயே எடுத்துவிட்டால் புற்றுநோய் வராமலே தடுக்கலாம்.

எடுக்கும் முறை: மலம் தண்ணீரில் படக்கூடாது. இந்தியக் கழிப்பறையில் பிளாஸ்டிக் தாளின்மேல் செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். குப்பி மூடியோடு வரும் குச்சியின் நுனியில் வரி வரியாகப் பள்ளம் இருக்கும். மலத்தின் மேற்பரப்பில் நான்கைந்து இடங்களில் கோடு கிழிப்பதுபோல் இழுங்கள், பள்ளம் நிறைந்தால் போதும். அது வெறும் 10 மில்லிகிராம் அளவு. குச்சியைக் குப்பிக்குள் செருகும்போது குறுகிய கழுத்து மிகுதியை வழித்துவிடும். அள்ளித் திணித்தால் எண் கெட்டுவிடும். ‘கிளிக்’ என்று மூடி, குலுக்கி, தேதி எழுதுங்கள். வெப்பத்தில் ஹீமோகுளோபின் சிதையும். இத்தாலியில்கூடக் கோடை மாதங்களில் பாசிட்டிவ் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு, பையில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, அன்றோ மறுநாளோ கொடுத்துவிட வேண்டும். மாதவிலக்கு நாட்களிலும் மூலத்தில் ரத்தம் வரும் நாட்களிலும் எடுக்க வேண்டாம்.

பாசிட்டிவ் வந்தால் கொலனோஸ்கோப்பி (குழாய்க் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது). ‘மூலமாகத்தான் இருக்கும், இன்னொருமுறை ஃபிட் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். இரண்டாவது நெகட்டிவ் முதல் பாசிட்டிவை ரத்து செய்யாது.

ஒரே ரத்தத்தில் பல புற்றுநோய்களைக் கண்டுபிடிக்கும் புதிய பரிசோதனைகள்?

2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு, எட்டுப் புரதங்களையும் 16 மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்கும் ‘கேன்சர்சீக்’ பரிசோதனையை வெளியிட்டது. ஏற்கெனவே நோய் உறுதியான 1,005 பேரில் எட்டு வகைப் புற்றுநோய்களுக்கும் இடைநிலையாக 70 சதவீதம் பிடித்தது. முதல் நிலைக் கட்டிகளில் 43 சதவீதம்தான். அதன் தொடர்ச்சியாகப் புற்றுநோய் இல்லாத சுமார் 10,000 பெண்களிடம் செய்தபோது ரத்தம் 26 புற்றுநோய்களைக் காட்டியது, வழக்கமான பரிசோதனைகள் 24-ஐக் காட்டின. இரண்டிலும் படாமல் வெளிவந்தவை 46. நம்பிக்கை தரும் தொடக்கம். இறப்பைக் குறைக்குமா என்பதற்கு அந்த ஆய்வில் விடை இல்லை.

2002-இன் பாடமும் நினைவில் இருக்க வேண்டும். ரத்தப் புரதங்களின் நிறைமாலையை (எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தை) வைத்து 50 சினைப்பைப் புற்றுநோய்களில் 50-ஐயும் பிடித்ததாக ஒரு கட்டுரை வந்து உலகமே வியந்தது. டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மையப் புள்ளியியலாளர்கள் தரவுகளைத் திரும்ப அலசியபோது, நோயாளிகளையும் ஆரோக்கியமானவர்களையும் பிரித்துக்காட்டிய வேறுபாடு கருவியின் ஓட்டத்திலிருந்தும் மாதிரிகளைக் கையாண்ட விதத்திலிருந்தும் வந்திருக்கலாம் என்று தெரிந்தது. விளம்பரத்தைப் பார்த்தால் மூன்றைக் கேளுங்கள். அறிகுறி இல்லாதவர்களிடம் சோதித்தார்களா? முதல் நிலையில் எத்தனை சதவீதம் பிடிக்கிறது? இறப்பு குறைந்ததா?

டியூமர் மார்க்கர் எல்லாம் நார்மல். வேறு பரிசோதனை தேவையில்லைதானே?

தேவை. வாய்ப் புற்றுநோய்க்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுக்கும் ரத்தப் புரதம் எதுவும் நடைமுறையில் இல்லை. மார்பகத்துக்கான சி.ஏ. 15-3-உம் ஆரம்ப நிலையில் பெரும்பாலும் ஏறாது. நம் மாநிலத்திலேயே, திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெளுத்துத் தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். 31,343 பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியானது. தொகுப்பில் சி.ஏ.-125-க்குக் கொடுக்கும் பணத்தில் கருப்பைவாய்க்கான ஹெச்.பி.வி. பரிசோதனையோ பாப் ஸ்மியரோ செய்துகொள்வது எவ்வளவோ மேல். புகையிலை போடுபவர் என்றால், நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறந்து பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறிக்கையில் ஓர் எண் கூடியிருக்கிறது. நாளைக் காலை முதலில் என்ன செய்ய?

பெட் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். அறிக்கையில் அலகு என்ன, எந்த முறையில் செய்தார்கள், எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்று பாருங்கள். அந்த வாரம் காய்ச்சல், தொற்று, மாதவிலக்கு ஏதும் இருந்ததா என்று குறித்துவையுங்கள். பழைய அறிக்கைகளைத் தேடி எடுங்கள். இரண்டு ஆண்டுகளாக இதே எண் நின்றிருந்தால் அதற்கு ஒரு பொருள், மூன்று மாதத்தில் இரட்டித்திருந்தால் வேறு பொருள். பி.எஸ்.ஏ. என்றால் சிறுநீரக அறுவை மருத்துவர், சி.ஏ.-125 என்றால் மகளிர் மருத்துவர், ஏ.எஃப்.பி. என்றால் கல்லீரல் மருத்துவர். போகும்போது முடி மாத்திரை, சத்து மாத்திரை, நாட்டு மருந்து உட்பட நீங்கள் சாப்பிடும் அத்தனையையும் அட்டையோடும் புட்டியோடும் எடுத்துக்கொண்டு போங்கள்.